அக்கி ஆறிவிட்டது... அசதி ஏன் போகவில்லை?

கொப்புளம் காய்ந்து பொருக்கு உதிர்ந்த பிறகும் வாரக்கணக்கில் ஆளை அசத்திப்போடுகிறது ஒரு களைப்பு. அது சோம்பல் இல்லை, நோயின் பின்பாதி. அதைக் கடந்து வருவது எப்படி?

விலாவில் சுருக்கென்று ஒரு வலி. வாயுப்பிடிப்பாக இருக்கும் என்று பூண்டு தட்டிப் போட்டுக் குடிக்கிறார்கள். மறுநாள் வலி எரிச்சலாக மாறுகிறது. நெஞ்சுவலியோ என்ற பயத்தில் ஈ.சி.ஜி. எடுத்தால் எல்லாம் சரியாக இருக்கிறது. மூன்றாம் நாளோ நான்காம் நாளோ, முதுகிலிருந்து மார்பு வரை ஒரே பக்கமாகப் பட்டை போட்டதுபோல் சிவந்து, கொத்துக்கொத்தாகக் கொப்புளங்கள் கிளம்புகின்றன. ‘இது அக்கியாச்சே!’ என்று வீட்டுப் பெரியவர் ஒருவர் சொல்லும்போதுதான் நோய்க்குப் பெயர் கிடைக்கிறது. பலருக்கு அக்கி இப்படித்தான் அறிமுகமாகிறது.

அடுத்து நடப்பது ஓரளவு எல்லோருக்கும் தெரியும். 7 முதல் 10 நாள்களில் கொப்புளங்கள் உலர்ந்து பொருக்குத் தட்டும். 2 முதல் 4 வாரங்களில் தோல் ஆறிவிடும். ‘நல்லவேளை, சரியாப்போச்சு’ என்று வீடு தன் வேலையைப் பார்க்கத் தொடங்கும். பலருக்கு அதற்கு மேல்தான் சிரமமே. காலையில் எழும்போதே உடம்பு அடித்துப்போட்டதுபோல் இருக்கிறது. ஒரு வாளித் துணியை அலசிக் காயப்போட்டால் அரைநாள் படுக்க வேண்டியிருக்கிறது. செய்தித்தாளில் ஒரு பத்தியை முழுதாகப் படிக்க மனம் நிற்பதில்லை. பக்கத்தில் இருப்பவர்களுக்கோ புண் ஆறியது மட்டும்தான் கண்ணில் படுகிறது. ‘அதான் சரியாயிடுச்சே, இன்னும் என்ன?’ என்ற கேள்வி, கேட்பவருக்குச் சாதாரணம். அதற்கு விடை தெரியாத நோயாளியோ, தன் உடம்பின் மீதே சந்தேகப்படத் தொடங்குகிறார்.

அந்தச் சந்தேகம் தேவையில்லை. அக்கியைத் தோல் நோயாக மட்டும் பார்ப்பதால் வரும் குழப்பம் இது. அடிப்படையில் அது நரம்பைத் தாக்கும் நோய். தோல் ஆறும் கணக்கு வேறு. நரம்பும் உடம்பும் தேறும் கணக்கு வேறு.

பழைய அம்மையின் மிச்சம்

சின்னம்மையை உண்டாக்கும் அதே வைரஸ்தான் அக்கிக்கும் காரணம். ‘வேரிசெல்லா ஜோஸ்டர்’ என்று அதற்குப் பெயர். அம்மை இறங்கி, தலைக்குத் தண்ணீர் ஊற்றிய பிறகும் அந்த வைரஸ் உடம்பை விட்டு முழுவதுமாகப் போவதில்லை. தண்டுவடத்தை ஒட்டியும் மண்டைக்குள்ளும் இருக்கும் நரம்பு முடிச்சுகளில் அடங்கிக் கிடக்கிறது. வயது ஏறியோ, வேறு நோயாலோ, மருந்தாலோ உடம்பின் எதிர்ப்பாற்றல் தளரும்போது விழித்து, ஏதாவது ஒரு நரம்பின் வழியே தோலுக்கு இறங்கி வருகிறது. அந்த நரம்பு ஆளும் பட்டையில் மட்டும் கொப்புளம் வருவதால்தான் அக்கி பெரும்பாலும் உடம்பின் நடுக்கோட்டைத் தாண்டுவதில்லை.

இந்த உண்மையைத் துலக்கியவர்களில் ஒருவர் இங்கிலாந்தின் சைரன்செஸ்டர் என்ற சிறிய ஊரில் குடும்ப மருத்துவராக இருந்த எட்கர் ஹோப்-சிம்ப்சன். தன்னிடம் வந்த அக்கி நோயாளிகளைப் பல ஆண்டுகள் விடாமல் குறித்துவைத்து ஆராய்ந்தார். வேறொருவரிடமிருந்து புதிதாகத் தொற்றுவதால் அக்கி வருவதில்லை, முன்பு வந்த சின்னம்மையின் வைரஸே மீண்டும் தலைதூக்குகிறது என்று 1965-ல் எழுதினார். பெரிய ஆய்வகத்தின் துணையில்லாமல், நோயாளிகளைப் பொறுமையாகக் கவனித்தே அவர் எட்டிய முடிவு அது.

வெப்பமண்டல நாடுகளில் வளர்ந்த பிறகு சின்னம்மை காண்பவர்கள் அதிகம். ஆக, நம்மில் பெரும்பாலோரின் நரம்புகளில் இந்த வைரஸ் ஏதோ ஒரு வயதில் குடியேறியிருக்கிறது. தங்கள் நாட்டில் மூன்றில் ஒருவருக்கு வாழ்நாளில் ஒருமுறையாவது அக்கி வருவதாக அமெரிக்காவில் கணக்கிட்டிருக்கிறார்கள். 50 வயதைத் தாண்டியவர்கள், புற்றுநோய் சிகிச்சையில் இருப்பவர்கள், உறுப்பு மாற்று செய்துகொண்டவர்கள், நீண்டநாள் ஸ்டீராய்டு எடுப்பவர்கள், எச்.ஐ.வி. உள்ளவர்கள் ஆகியோருக்கு வாய்ப்பு கூடுதல். சர்க்கரை நோயும் இந்தப் பட்டியலில் உண்டு. சென்னையிலுள்ள மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளையும் ஐ.சி.எம்.ஆரும் சேர்ந்து நடத்தி 2023-ல் வெளியிட்ட ஆய்வின்படி, இந்தியாவில் சுமார் 10 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது. நம் ஊரில் அக்கியை எங்கோ யாருக்கோ வரும் நோயாக ஒதுக்க முடியாது.

முதல் 72 மணி நேரம்

பின்னால் படப்போகும் பாட்டைக் குறைக்க வேண்டுமானால், கொப்புளம் தெரிந்த முதல் மூன்று நாள்கள் முக்கியமானவை. ஏசைக்ளோவிர், வாலாசைக்ளோவிர், ஃபேம்சைக்ளோவிர் போன்ற வைரஸ் எதிர்ப்பு மாத்திரைகளை 72 மணி நேரத்துக்குள் தொடங்கினால் பலன் அதிகம். புதுக் கொப்புளங்கள் வருவது சீக்கிரம் நிற்கும், வலியின் கடுமை குறையும். ஏசைக்ளோவிர் உருவான ஆய்வுக்கு வழிகாட்டிய கெர்ட்ரூட் எலியன், 1988-ல் மருத்துவ நோபல் பரிசு பெற்றவர்களில் ஒருவர். வைரஸை மட்டும் குறிவைத்து மருந்து செய்ய முடியும் என்ற நம்பிக்கையே மருத்துவ உலகில் அதிகம் இல்லாத காலத்தில் வந்த மருந்து அது. 72 மணி தாண்டிவிட்டாலும் மருத்துவரைப் பார்க்காமல் விடக்கூடாது. புதுக் கொப்புளம் இன்னும் வந்துகொண்டிருந்தால் அப்போதும் மருந்து கொடுப்பார்கள். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் அதை முதலிலேயே சொல்ல வேண்டும். அவர்களுக்கு மருந்தின் அளவு மாறும்.

இந்த மூன்று நாள்கள்தான் நம் ஊரில் பல நேரம் கைநழுவிப் போகின்றன. அக்கி என்றதும் மண்பாண்டம் செய்யும் வேளார் வீட்டுக்குப் போய் எழுதிக்கொண்டு வரும் வழக்கம் தலைமுறைகளாக இருக்கிறது. செங்காவியைக் குழைத்து, கொப்புளம் உள்ள இடத்தில் எழுதிவிடுவார்கள். எழுதிக்கொண்டவர்களுக்கு ஆறியது உண்மைதான். எழுதாவிட்டாலும் அக்கிக் கொப்புளம் சில வாரங்களில் தானே ஆறிவிடும் என்பதும் உண்மை. அந்த வழக்கத்தோடு வந்த ஓய்வும் குளிர்ச்சியான எளிய சாப்பாடும் நோயாளிக்கு நல்லதே செய்தன. ஆனால், நரம்புக்குள் பெருகும் வைரஸைக் காவி தொடுவதில்லை. உடைந்த கொப்புளத்தில் மண் படிந்தால் சீழ் பிடிக்கவும் வாய்ப்பு உண்டு. எழுத வேண்டுமா என்ற பேச்சு வீட்டில் ஓடிக்கொண்டிருக்கும்போதே மருத்துவரிடம் போய்விடுவதுதான் நல்லது.

நெற்றி, இமை, மூக்கு நுனி ஆகிய இடங்களில் கொப்புளம் வந்தால் அன்றைக்கே கண் மருத்துவரைப் பார்க்க வேண்டும். அக்கி வருபவர்களில் 10 முதல் 20 சதவிகிதம் பேருக்குக் கண் பகுதியின் நரம்பு தாக்கப்படுகிறது. கவனிக்காமல் விட்டால் பார்வையே பாதிக்கப்படலாம். காதில் கொப்புளம் வந்து முகம் ஒருபக்கம் கோணினாலும் அதே அவசரம்தான்.

அசதி எங்கிருந்து வருகிறது?

வைரஸை எதிர்க்கும்போது உடம்பு சில வேதிப்பொருள்களைச் சுரக்கிறது. காய்ச்சலில் எழுந்து உட்கார முடியாமல் நம்மைப் படுக்கவைப்பவையும் இவையே. ‘வேலையை நிறுத்து, படு’ என்று மூளைக்கு அவை சேதி அனுப்புகின்றன. தோலில் போர் ஓய்ந்த பிறகும் நரம்பில் அழற்சி தணியக் கூடுதல் நாள்கள் பிடிக்கும். டெங்கு, சிக்குன்குனியா, கொரோனா வந்து போன வீடுகளில் இதை அனுபவித்தே இருக்கிறோம். காய்ச்சல் விட்ட பின்னும் மாதக்கணக்கில் மாடிப்படி ஏறத் திணறியவர்களைப் பார்த்த நாம், அக்கிக்கு மட்டும் அந்தச் சலுகையை மறுக்கிறோம்.

இரண்டாவது காரணம் தூக்கம். அக்கி வலி இரவில் விழித்துக்கொள்ளும். புரண்டு படுத்தால் குத்தும், சட்டை உரசினால் எரியும், சிலருக்கு மின்விசிறிக் காற்று பட்டாலே தாங்காது. பல வாரம் அரைத்தூக்கம் தூங்கியவருக்குப் பகலில் தெம்பு எங்கிருந்து வரும்?

மூன்றாவது காரணம் பலருக்குத் தெரிவதில்லை. நரம்பு வலிக்குத் தரப்படும் கேபாபென்டின், பிரீகாபாலின், அமிட்ரிப்டிலின் போன்ற மாத்திரைகளே தூக்கக் கலக்கத்தையும் தலைசுற்றலையும் தரக்கூடியவை. வயதானவர்கள் இரவில் கழிப்பறைக்கு எழும்போது தடுமாறி விழுந்துவிடும் ஆபத்தும் இதனால் உண்டு. கலக்கம் அதிகமாக இருந்தால், மருத்துவரிடம் சொல்லி அளவையோ நேரத்தையோ மாற்றிக்கொள்ள முடியும். தானாகத் திடீரென்று நிறுத்தக்கூடாது.

இவற்றோடு, படுத்தே இருந்ததால் தளர்ந்த தசைகள், வாய்க்குப் பிடிக்காமல் குறைந்துபோன சாப்பாடு, ‘எப்போது சரியாகும்?’ என்று அரிக்கும் கவலை எல்லாம் சேர்ந்துகொள்கின்றன. வலி தூக்கத்தைக் கெடுக்கிறது. தூக்கமின்மை வலியைக் கூட்டுகிறது. இரண்டும் சேர்ந்து மனதைச் சோர்த்துவிடுகின்றன. இந்தச் சங்கிலியில் எந்தக் கண்ணி நோயாளியை அதிகம் இறுக்குகிறது என்று பார்த்து அதைத் தளர்த்துவதே சிகிச்சையின் தொடக்கம்.

ஊறும் அளவுக்கே இறைக்கலாம்

களைப்போடு இருப்பவர்கள் எல்லோரும் விழும் பள்ளம் ஒன்று உண்டு. ஒருநாள் காலை உடம்பு கொஞ்சம் லேசாக இருக்கும். உடனே, விட்டுப்போன வேலையெல்லாம் ஞாபகம் வரும். பரணைச் சுத்தம் செய்து, வங்கிக்குப் போய், ரேஷன் வாங்கி, மாலையில் கல்யாண வீட்டுக்கும் போய்வருவார்கள். அடுத்த இரண்டு நாள் எழுந்திருக்க முடியாது. ‘நேற்று நன்றாகத்தானே இருந்தாய்?’ என்பார்கள் வீட்டில்.

கோடைக் கிணற்றில் ஊறுகிற அளவுக்குத்தான் இறைக்க முடியும். ஒரே மூச்சில் இறைத்துவிட்டால் அடுத்த முறைக்குச் சேறுதான் வரும். தேறிவரும் உடம்பும் அப்படித்தான். நடைமுறையில் அதற்குச் செய்ய வேண்டியவை எளியவை.

முதலில், ஒரு நோட்டில் ஒரு வாரத்துக்கு எழுதிப் பாருங்கள். எத்தனை மணிக்கு என்ன செய்தீர்கள், அன்று மாலையும் மறுநாளும் உடம்பு எப்படி இருந்தது என்று இரண்டு வரி போதும். எந்த வேலை உங்களைச் சாய்க்கிறது என்று நோட்டே சொல்லிவிடும். சிலருக்குச் சமையலைவிட அரைமணி நேர போன் பேச்சு அதிகம் களைக்கவைக்கும். மூளையின் உழைப்பும் உழைப்புதான்.

இரண்டாவது, களைத்த பின் ஓய்வு என்பதை மாற்றி, களைக்கும் முன் ஓய்வு என்று பழகுங்கள். காய் நறுக்கி முடித்ததும் பத்து நிமிடம் சாய்ந்துகொண்டு, பிறகு அடுப்பைப் பற்றவையுங்கள். உட்கார்ந்து செய்யக்கூடியதை உட்கார்ந்தே செய்யுங்கள். துணி துவைப்பதையும் வீடு துடைப்பதையும் ஒரே நாளில் வைக்காதீர்கள்.

மூன்றாவது, நல்ல நாளில் கையைக் கட்டுங்கள். தெம்பாக இருக்கும் நாளிலும் நேற்றைய அளவைவிடக் கொஞ்சம்தான் கூட்ட வேண்டும்.

நடையும் அப்படியே. வீட்டு வராந்தாவில் ஐந்து நிமிடம் என்று தொடங்கலாம். மறுநாள் உடம்பு ஏற்றுக்கொண்டால் சில நாள் கழித்து இரண்டு நிமிடம் கூட்டலாம். சாய்த்துவிட்டால் குறைத்துக்கொள்ள வேண்டும். ‘தினமும் இழுத்துப் பிடித்து நட, தானே சரியாகும்’ என்ற அறிவுரை எல்லோருக்கும் பொருந்தாது. நாள்பட்ட களைப்பு நோய்க்கு, உடற்பயிற்சியை ஒரே கணக்கில் ஏற்றிக்கொண்டே போகும் சிகிச்சை கூடாது என்று பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2021-ல் தன் வழிகாட்டு நெறியைத் திருத்தியது. அக்கிக்குப் பின்வரும் அசதி பெரும்பாலும் அந்த அளவுக்கு நீள்வதில்லை. ஆனாலும், உடம்பின் பேச்சைக் கேட்டே அளவைக் கூட்ட வேண்டும் என்ற பாடம் இங்கும் பொருந்தும்.

வலியை அடக்கினால் பாதி வெற்றி

கொப்புளம் வந்து 90 நாள் கடந்தும் வலி தொடர்ந்தால், அதை அக்கிக்குப் பிந்தைய நரம்பு வலி என்கிறார்கள். அக்கி வருபவர்களில் 10 முதல் 18 சதவிகிதம் பேருக்கு இது வருகிறது. வயது ஏற ஏற வாய்ப்பும் கூடுகிறது. மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கும் சாதாரண வலி மாத்திரைகள் இந்த வலிக்குப் பெரிதாகக் கேட்பதில்லை. அவற்றையே மாதக்கணக்கில் விழுங்கினால் வயிறும் சிறுநீரகமும் கெடும். மேலே சொன்ன நரம்பு வலி மாத்திரைகளும், தோலில் ஒட்டும் லிடோகெயின் பட்டையும், மிளகாயின் காரப்பொருளான கேப்சைசின் களிம்பும்தான் இதற்கான மருந்துகள். புண் முழுவதும் ஆறிய தோலில் மட்டுமே இந்தப் பட்டையையும் களிம்பையும் பயன்படுத்த வேண்டும். ‘பொறுத்துக்கொள்கிறேன்’ என்று பல்லைக் கடிப்பதில் எந்தப் பெருமையும் இல்லை. வலி அடங்கினால் தூக்கம் வரும். தூக்கம் வந்தால் தெம்பு வரும்.

வீட்டில் செய்யக்கூடியவையும் உண்டு. பழைய மெல்லிய பருத்தித் துணி, தளர்வான உடை, ஈரத் துணியால் சில நிமிடம் ஒத்தடம். பெண்களுக்கு ரவிக்கை, உள்ளாடைப் பட்டை உரசும் இடத்தில் அக்கி இருந்தால் வீட்டிலாவது அவற்றைத் தவிர்க்கும் சுதந்திரம் வேண்டும். விருந்தாளி வருகிறார் என்பதற்காக வலியை உடுத்திக்கொண்டு உட்கார வேண்டியதில்லை. பகலில் படுத்தாலும் அரைமணி நேரத்தோடு எழுந்துவிட்டால் இரவுத் தூக்கம் கெடாது. மாலைக்கு மேல் காபியை விட்டுவிடலாம்.

பத்தியம் பட்டினி ஆகக்கூடாது

அக்கி வந்தால் முட்டை கூடாது, மீன் கூடாது, புளி கூடாது, பருப்பும் கூடாது என்று பத்தியம் நீண்டுகொண்டே போகும் வீடுகள் உண்டு. கடைசியில் நோயாளிக்கு மிஞ்சுவது ரசம் சாதம் மட்டும்தான். இந்த உணவுகளால் அக்கி கூடும் என்பதற்கு மருத்துவ ஆதாரம் இல்லை. தேறும் உடம்புக்குப் புரதம் வேண்டும். முதல் சில நாள் கஞ்சி, மோர், இளநீர் என்று லேசாகச் சாப்பிடலாம். பசி திரும்பியதும் பருப்பு, சுண்டல், முட்டை, மீன், கீரை, தயிர் என்று வழக்கத்துக்கு வந்துவிட வேண்டும். ஒரே நேரத்தில் வயிறு முட்டச் சாப்பிடாமல், கொஞ்சம் கொஞ்சமாக நான்கைந்து வேளை சாப்பிட்டால் மந்தம் தெரியாது. சர்க்கரை நோயாளிகள் இந்த நாள்களில் சர்க்கரை அளவை அடிக்கடி பார்த்துக்கொள்ள வேண்டும். சர்க்கரை ஏறி இறங்குவதும் அசதிக்கு ஒரு காரணம்.

ஒதுக்கிவைக்க வேண்டாம்

அக்கி ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு அக்கியாகத் தொற்றாது. கொப்புளத்து நீர் பட்டால், இதுவரை சின்னம்மை வராதவருக்குச் சின்னம்மை வரலாம், அவ்வளவுதான். கொப்புளங்களை மூடிவைத்து, பொருக்குத் தட்டும் வரை கர்ப்பிணிகள், கைக்குழந்தைகள், எதிர்ப்பாற்றல் குறைந்தவர்கள் ஆகியோரிடமிருந்து விலகியிருந்தால் போதும். எல்லாம் காய்ந்த பிறகு பேரக்குழந்தையைத் தாராளமாகத் தூக்கிக்கொள்ளலாம். தனித் தட்டு, தனி அறை என்று மாதக்கணக்கில் ஒதுக்குவதால் கிருமி குறையாது, மனநோவுதான் கூடும்.

அசதியின் பாரம் அதிகம் விழுவது குடும்பத்தைத் தாங்கும் பெண்கள் மீது. அலுவலகம் போகிறவருக்கு மருத்துவச் சான்றிதழும் விடுப்பும் இருக்கின்றன. அடுப்படிக்கு விடுப்புக் கடிதம் வாங்க யாரும் இல்லை. ‘முடியவில்லை’ என்று அம்மா சொல்ல மாட்டார். குழம்பில் உப்பு போட மறந்ததில்தான் அது தெரியவரும். காலைச் சமையலை ஒருவர், தண்ணீர் பிடிப்பதை ஒருவர், பாத்திரத்தை ஒருவர் என்று இரண்டு மாதத்துக்குப் பெயர் சொல்லிப் பிரித்துக்கொள்ளுங்கள். ‘ஏதாவது உதவி வேணும்னா சொல்லும்மா’ என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனால், கேட்கும் சங்கடமும் அவர் தலையில்தான் விழும். வேலைக்குத் திரும்புபவர்களும் முதல் சில வாரம் அரைநாள் வேலை, வீட்டிலிருந்து வேலை, இரவுப் பணி விலக்கு என்று கேட்டுப் பார்க்க வேண்டும். தினக்கூலிக்குப் போகிறவர்களுக்கு இந்த வழியெல்லாம் அடைந்துகிடக்கிறது. அதனாலேயே, சீக்கிரம் மருந்து தொடங்குவது அவர்களுக்கு இன்னும் அவசியம்.

எப்போது மறுபடி மருத்துவரிடம்?

அசதி வாரத்துக்கு வாரம் சிறிதாவது குறைந்துவந்தால் பயமில்லை. ஓரிரு மாதம் ஆகியும் அப்படியே இருந்தாலோ கூடினாலோ ‘அக்கியால்தான்’ என்று விட்டுவிடக்கூடாது. ரத்தசோகை, தைராய்டு, சர்க்கரை, வைட்டமின் பி12 குறைவு, சிறுநீரகம் ஆகியவற்றைப் பரிசோதிக்க வேண்டும். எடை குறைவது, விட்டுவிட்டுக் காய்ச்சல், இரவில் வியர்த்து நனைவது, மூச்சுவாங்குவது ஆகியவை இருந்தால் தாமதிக்கக்கூடாது. இளம் வயதிலேயே கடுமையாகவோ, அடுத்தடுத்தோ அக்கி வந்தால் எதிர்ப்பாற்றல் குறித்த சோதனைகளை மருத்துவர் செய்யச் சொல்வார். எதிலும் பிடிப்பில்லாமல் அழுகை முட்டிக்கொண்டே இருந்தால் அதையும் சொல்ல வேண்டும். அதற்கும் மருந்து உண்டு. அக்கிக்குப் பிந்தைய மாதங்களில், குறிப்பாகக் கண் பக்கம் வந்தவர்களுக்கு, பக்கவாத வாய்ப்பு சற்றுக் கூடுவதாக ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. திடீரென்று கை கால் மரத்தாலோ பேச்சுக் குழறினாலோ உடனே 108-ஐ அழையுங்கள்.

வராமலே தடுக்கலாம்

சின்னம்மைத் தடுப்பூசிக்கான வைரஸ் வகையை 1970-களில் உருவாக்கியவர் ஜப்பானின் மிச்சியாகி தகாஹாஷி. தன் மகன் சின்னம்மையில் பட்ட அவதியே அவரை அந்த வேலைக்குத் தள்ளியது. அக்கிக்கான முதல் தடுப்பூசி அந்த வகையிலிருந்து வந்தது. இப்போது புழங்கும் ஷிங்ரிக்ஸ், உயிருள்ள வைரஸ் இல்லாமல் அதன் ஒரு புரதத்தைக் கொண்டு செய்யப்பட்டது. 2017-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்று, 2023-ல் இந்தியாவுக்கு வந்தது. 50 வயதைக் கடந்தவர்களுக்கு, 2 முதல் 6 மாத இடைவெளியில் இரண்டு ஊசி. பெரிய ஆய்வுகளில் 50 வயதுக்கு மேற்பட்டோரில் 97 சதவிகிதமும், 70-ஐத் தாண்டியோரில் ஏறத்தாழ 90 சதவிகிதமும் பாதுகாப்பு தந்தது. ஊசி போட்ட ஓரிரு நாள் கைவலி, காய்ச்சல், உடல்வலி வரலாம். ஏற்கெனவே அக்கி வந்தவர்களும், முழுவதும் ஆறிய பிறகு மருத்துவரைக் கேட்டுப் போட்டுக்கொள்ளலாம்.

விலைதான் இடறுகிறது. இரண்டு ஊசிக்கும் சேர்த்து ஆயிரக்கணக்கில் ஆகும் செலவு, சாதாரணக் குடும்பத்துக்கு எட்டாதது. சர்க்கரை நோயாளிகளுக்கு வீடு தேடி மாத்திரை கொண்டுபோய்க் கொடுக்கும் தமிழ்நாட்டில், அந்த நோயாளிகளில் முதியவர்களுக்காவது இந்தத் தடுப்பூசியை அரசே சலுகை விலையில் தரலாம்.

இதற்கெல்லாம் காசும் காலமும் பிடிக்கும். காசில்லாமல் நாளைக்கே செய்யக்கூடியது ஒன்று உண்டு. அக்கிக்கு மருந்துச் சீட்டு எழுதும் மருத்துவர்கள், ‘புண் ஆறின பிறகும் கொஞ்ச நாள் அசதி இருக்கும், பயப்படாதீங்க, மெதுவா வேலைக்குப் போங்க’ என்று ஒரு வாக்கியத்தைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். நோயாளியோடு வந்தவர் காதில் விழும்படி சொல்ல வேண்டும். வீட்டில் நோயாளி படுத்திருப்பதற்கு அதன் பிறகு யாரும் காரணம் கேட்க மாட்டார்கள். அவரும் தன்மீது குற்றம் தேட மாட்டார்.